இலை கொட்டுகிறதா, மஞ்சளாகிறதா? கனடா வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்கும் வழி

ஊரில் கறிவேப்பிலைக்கு வைத்தியம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கிணற்றடியில் நின்றது, குளித்த தண்ணீரைக் குடித்தது, கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரு கொப்பு முறித்துக் கொடுத்தார். ரொறன்ரோவில் உள்ள ஸ்காபரோவுக்கு வந்த பிறகு அதே மரத்தை ஒரு சாடிக்குள் வைத்து, ஏழெட்டு மாதம் வீட்டுக்குள்ளும் மிச்ச மாதம் பின்வளவிலும் வளர்க்கும்போதுதான் அதற்கு எத்தனை விதமாக நோகும் என்று தெரிந்தது. கடைசியாக எண்ணியபோது என்னிடம் ஒன்பது சாடி இருந்தது. தெரிந்தவர்கள் செடியைப் படம் எடுத்து அனுப்பி "இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்பார்கள். அநேகமாக ஒன்றும் போடவேண்டியதில்லை. எதையோ நிறுத்தவேண்டியதுதான் இருக்கும்.

அதனால் கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போக முதல் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, விரலை இரண்டாவது மூட்டு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமா காய்ந்ததா. இரண்டு, செடிக்கு மேல் எத்தனை மணி நேரம் நல்ல வெளிச்சம் விழுகிறது என்று கணக்குப் பாருங்கள். மூன்று, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்காமல் உரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். நோயாளிக்குச் சாப்பாடு கொடுத்துக் குணமாக்க முடியாது, வேர் கெட்ட செடிக்கும் அப்படித்தான்.

உள்ளே கொண்டுவந்த சில வாரத்தில் இலை முழுவதும் கொட்டுகிறது

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். அக்டோபர், நவம்பரில் தொடங்கும். கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும், கை பட்டாலே நெட்டோடு கழன்று விழும், கிறிஸ்மஸ் வரும்போது வெறும் குச்சி நிற்கும். செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். செத்திருக்காது.

என்ன நடக்கிறது என்றால், ஜூனில் ரொறன்ரோவில் பகல் பதினைந்தரை மணி நேரம் அளவுக்கு நீளம். டிசம்பர் கடைசியில் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, அந்த வெயிலும் சாய்ந்து மெலிந்து வரும். வெளியில் முழு வெயிலில் விரித்த இலைகளைச் செடியால் ஜன்னலோர வெளிச்சத்தில் காப்பாற்ற முடியாது. வருமானம் குறைந்த வீடு செலவைக் குறைப்பதுபோல அது இலையைக் கழற்றுகிறது. இதோடு குளிரும் சேரும். 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கறிவேப்பிலை வளர்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். அறையில் 21 பாகை இருக்கிறதே என்று நினைப்போம். ஆனால் ஜனவரி இரவில் ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். நான் பார்த்தபோது 11 காட்டியது. அதே அறைதான், ஆறடி தள்ளி 20.

வழி இரண்டு இருக்கிறது. குளிர்காலத்திலும் இலை பறிக்கவேண்டும் என்றால் எல்இடி வளர்ப்பு விளக்கு ஒன்று வாங்கவேண்டும். செடியின் உச்சிக்கு மேல் ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் போட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். விளக்கைக் கூரையிலேயே பூட்டிவிட்டு "லைட் போட்டும் சரிவரவில்லை" என்பவர்கள் உண்டு. தூரம் கூடக்கூட வெளிச்சம் மளமளவென்று குறையும். நம் கண் அதைக் காட்டாது, செடிக்குத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும், ஓய்வும் தேவை.

விளக்கு வேண்டாம் என்றால் செடியை உறங்க விடுங்கள். வெயில் வரும் தெற்குப் பக்க ஜன்னலுக்கு அருகில், கண்ணாடியில் முட்டாமல் வைத்து, தண்ணீரைப் பாதிக்கு மேல் குறைத்து, உரத்தை முழுதாக நிறுத்திவிடுங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. இது விளங்காமல் வழக்கம்போல ஊற்றுவதுதான் அடுத்த அறிகுறிக்குக் கொண்டுபோய் விடும். மார்ச்சில் பகல் நீளும்போது கணுக்களில் பச்சை முள்ளுப்போலத் துளிர் வரும். அதுவரை பொறுமை.

செடி உயிரோடுதான் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே போய்க் கீறுங்கள்.

மண் ஈரம், ஆனால் செடி வாடி நிற்கிறது

இதுதான் உண்மையிலேயே கொல்வது. நான் இழந்த முதல் செடி இப்படித்தான் போனது. பெரிய, அழகான, உள்ளே மெழுகு பூசிய சாடி ஒன்றுக்கு மாற்றினேன். அடியில் துளை இல்லை. கல் போட்டால் போதும் என்று கடையில் சொன்னார்கள், நம்பினேன். மூன்று வாரத்தில் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் சாடியைக் கவிழ்த்தபோது சாக்கடை மணம் வந்தது. வேரைப் பிடித்தால் மேல்தோல் ஈரக் கடதாசிபோல உருவிக்கொண்டு வந்தது, நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. அந்த நூலை இன்றைக்கும் மறக்கவில்லை.

வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளி எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். கிணற்றடியில் எவ்வளவு ஊற்றினாலும் நிலம் இழுத்துக்கொண்டது. சாடிக்கு அந்த வழி கிடையாது.

அறிகுறி இதுதான் என்றால் தாமதிக்க வேண்டாம். செடியை வெளியே எடுத்து மண்ணை உதறுங்கள். வெள்ளையாக அல்லது இளமஞ்சளாக, அழுத்தினால் உறுதியாக இருப்பது நல்ல வேர். மண்ணிறமாகக் குழைவது கெட்ட வேர், அதைச் சுத்தமான கத்தரிக்கோலால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். வேரில் பாதி போனால் மேலே கொப்பிலும் அதே அளவு குறையுங்கள். இருக்கும் வேர் அவ்வளவைத்தான் தாங்கும். மிஞ்சிய வேர் மட்டுமட்டாகக் கொள்ளும் சின்னச் சாடி ஒன்றில், துளை உள்ளதில், புது மண்ணில் நடுங்கள். ஒருமுறை தண்ணீர் விட்டு, அப்புறம் மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை தொடவேண்டாம். உரம் போடக்கூடாது.

மண் என்றால் பின்வளவு மண் இல்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அது களிமண், சாடிக்குள் போட்டால் இறுகிச் செங்கல்லாகும். கடையில் சாடிக்கென்று விற்கும் கலவையில் நான்கில் ஒரு பங்கு பேர்லைட் (மண் இறுகாமல் வைக்கும் இலேசான வெள்ளைக் கல் துகள்) சேர்த்தால் போதும். சாடியை மாற்றும்போது ஒரு அளவுதான் கூட்டவேண்டும், விட்டத்தில் இரண்டு அங்குலம். "வளரட்டுமே" என்று பெரிய வாளியில் நட்டால் வேர் போகாத மண் எல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். தண்ணீர் விட்டவுடன் சாடியைத் தூக்கிப் பாருங்கள், அந்தப் பாரம் கைக்குத் தெரியட்டும். பிறகு அது நன்றாக இலேசாகும்போது மறுபடி, அடித்துளையால் வழியும்வரை விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஜூலையில் வெளியில் நிற்கும் கறுப்புச் சாடிக்குத் தினமும் தேவைப்படும், ஜனவரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றும் வரும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. சாடி பஞ்சுபோல இலேசு, ஊற்றிய தண்ணீர் உடனே அடியால் ஓடிவிடுகிறது, செடி வாட்டம். கலவை ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, ஓரத்து வெடிப்பால் வழிந்துவிடும். ஒரு வாளியில் நான்கு விரல் தண்ணீர் விட்டு அதற்குள் சாடியை அரை மணி நேரம் நிற்க விடுங்கள். கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

குருத்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

மேலே புதிதாக வரும் இலைகள் எலுமிச்சை நிறத்தில், நரம்புகள் மட்டும் பச்சைக் கோலம் போட்டதுபோல இருந்தால் அது இரும்புச் சத்துப் பிரச்சினை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் இருக்கும், செடியால் எடுக்க முடியவில்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், சற்றே புளிப்பான மண் அதற்குப் பிடிக்கும், மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவில் 6 முதல் 6.5 வரை. நம் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், அதில் சுண்ணாம்பு ஓரளவு உண்டு. அதையே வருடக்கணக்கில் விட்டால் சாடி மண்ணின் காரம் ஏறும், இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும்.

ஊரில் இதற்கு என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், புளித்த மோர். அந்தப் புளிப்பில் விஷயம் இருக்கிறது, பழைய ஆட்கள் காரணமில்லாமல் ஊற்றவில்லை. ஆனால் அது வெளியில், நிலத்தில் நிற்கும் மரத்துக்கு. மூடிய வீட்டுக்குள், சாடியில், குளிர்காலத்தில் மோர் ஊற்றினால் மேல்மண்ணில் வெள்ளைப் பூஞ்சணம் கட்டும், மணக்கும், அடுத்த வாரம் ஈர மண்ணில் பெருகும் சின்னக் கொசு (கடிக்கும் நுளம்பு இல்லை) வரும். கோடையில் பின்வளவில் வைத்திருக்கும்போது, ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீருக்கும் இதே விதி. மீன் கழுவிய தண்ணீரைப் பின்வளவிலும் விடவேண்டாம், ரக்கூன் வந்து சாடியையே புரட்டிவிடும்.

வேகமாகச் சரிசெய்ய வேண்டுமானால் கீலேட் செய்த இரும்பு என்று, செடி எளிதாக எடுக்கும் வடிவில் தோட்டக் கடைகளில் விற்பதை, அட்டையில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து விடுங்கள். புதுத் துளிர் பச்சையாக வந்தால் சரி. ஏற்கனவே மஞ்சளான இலை முழுதாகப் பச்சைக்குத் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் மண்ணே மாற்றாத சாடி என்றால் ஏப்ரலில் மண்ணை மாற்றுவதுதான் நிரந்தர வைத்தியம்.

மஞ்சள் கீழ்ப்பக்கத்துப் பழைய இலைகளில் தொடங்கி, முழு இலையும் ஒரேபோல வெளிறினால் அது வேறு. வளரும் பருவத்தில் அப்படி இருந்து, மண்ணும் சரியாகக் காய்ந்து ஈரமாகி வருகிறது என்றால் நைட்ரஜன் போதவில்லை. மே முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை திரவ உரத்தை அட்டையில் சொன்னதில் பாதி அளவில், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

இலையில் ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், கொப்பிடுக்கில் மெல்லிய நூலாம்படை

சிலந்திப் பேன். குளிர்காலத்தில் வீட்டுச் செடிகளுக்கு இதைவிடப் பெரிய எதிரி எனக்குத் தெரியாது. ஹீட்டிங் ஓடும் வீட்டில் காற்று அப்படியே காய்ந்துபோகும், உதடு வெடிக்கும் காலம் அது. அந்தக் காய்ந்த சூடுதான் பேனுக்குச் சொர்க்கம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வலை கட்டிவிட்டது என்றால் ஏற்கனவே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி. வெள்ளைத் தாள் ஒன்றை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொப்பை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி நடந்தால் பேன். விரலால் தேய்த்தால் தாளில் சிவப்பு மண்ணிறக் கோடு விழும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லாச் சாடிக்கும் இதைச் செய்கிறேன், பத்து நிமிடம்தான்.

கண்டால் முதலில் அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். சாடியின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டி, குளியலறைக்குக் கொண்டுபோய், செடியைச் சரித்துப் பிடித்து, ஷவரில் இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி இளஞ்சூட்டுத் தண்ணீர் அடியுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். காய்ந்ததும் பூச்சிகளுக்கென்று விற்கும் சோப்புக் கரைசலை அடிப்பக்கத்தில் நனைய நனையத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அடிப்பவர்கள் உண்டு, அது இலையைக் கருக்கக்கூடும், வேண்டாம்.

முக்கியமான விஷயம், ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால் வீண். சோப்பு முட்டையைக் கொல்லாது. நான்கைந்து நாளில் முட்டை பொரித்து மறுபடி தொடங்கும். ஆகவே ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது செய்யவேண்டும், அதற்குப் பிறகு தாளில் ஒன்றும் நடக்காத வாரம் இரண்டு வந்தால்தான் செடியைத் திரும்ப மற்றவற்றோடு சேர்க்கலாம். இது நாம் சாப்பிடும் இலை என்பதையும் மறக்க வேண்டாம். உணவுப் பயிருக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்கும் மருந்தைத் தவிர வேறு எதையும் இந்தச் செடிக்கு அடிக்காதீர்கள். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்றும் அதிலேயே இருக்கும்.

இலையும் தரையும் பிசுபிசுக்கிறது

சாடியைச் சுற்றித் தரையில் தேன் சிந்தியதுபோல ஒட்டுகிறதா? தண்டையும் இலையின் நடு நரம்பையும் தடவிப் பாருங்கள். மண்ணிறத்தில் சின்னச் சின்னப் பரு, நகத்தால் கிளப்பினால் கழன்று வந்தால் செதில் பூச்சி. வெள்ளைப் பஞ்சுத் துண்டுபோல கணுக்களில் அடைந்திருந்தால் மாவுப்பூச்சி. இரண்டும் சாற்றை உறிஞ்சி இனிப்புக் கழிவை விடும், அதன் மேல் கரி பூசியதுபோல ஒரு பூஞ்சணம் படரும். வெளியில் இருக்கும்போது தண்டில் எறும்பு வரிசை போனாலும் இதைச் சந்தேகியுங்கள்.

தெளிப்பதைவிடக் கையால் எடுப்பதுதான் நல்லது, செதிலின் மேலோடு மருந்தை உள்ளே விடாது. மருந்துக் கடையில் வாங்கும் 70 சதவீத அல்ககோலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு மாதத்துக்கு. நிறையப் படர்ந்த கொப்பை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிடுவது மேல்.

சாடியைத் தொட்டால் சின்னக் கறுப்புக் கொசு பறக்கிறது

மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதன் அறிவிப்பு இது. பெரிய செடிக்குப் பெரிய கெடுதி இல்லை, ஆனால் இதன் புழு இளம் வேரைக் கடிக்கும், நாற்று தாங்காது. மண்ணின் மேல் இரண்டு அங்குலத்தை ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் தண்ணீர் விடுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டையைச் சாடியில் குத்தி வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அடங்கும்.

நுனி மட்டும் கருகுகிறது

மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் உர உப்புச் சேர்ந்துவிட்டது. சாடி கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கு தண்ணீரை மெல்ல மெல்ல விட்டு வடித்துவிடுங்கள். வீட்டில் தண்ணீர் மென்மையாக்கும் கருவி இருந்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், அதில் சோடியம் வரும். பொருக்கு இல்லை, ஒரு பக்கத்து இலை மட்டும் மொறுமொறுவென்று காய்கிறது என்றால் தரையில் ஹீட்டிங் காற்று வரும் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வெளியே வைத்த மூன்றாம் நாளே இலை வெளுத்தது

மே மாதத்தில் விக்டோரியா தின நீள் விடுமுறை வந்தால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், கடையெல்லாம் நாற்று. தக்காளிக்கு அது சரி. கறிவேப்பிலைக்கு இரவு வெப்பம் 10 பாகைக்கு மேல் நிலையாக நிற்கவேண்டும், அது பெரும்பாலும் மே முடிவு, சில வருடம் ஜூன் முதல் வாரம்.

குளிர் தாண்டினாலும் வெயில் இருக்கிறது. ஜன்னலுக்குள் விரிந்த இலை நேர் வெயிலைப் பார்த்ததே இல்லை. ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் காகிதம்போல வெள்ளைத் திட்டு விழும். அது நோய் அல்ல, தீக்காயம், ஆறாது. ஆனால் செடிக்கு ஒன்றும் ஆகாது, புது இலை அந்த வெயிலுக்கு ஏற்றபடி தடித்து வரும். இதைத் தவிர்க்க முதல் மூன்று நாள் முழு நிழல், அடுத்த மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு மெல்ல மெல்லக் கூட்டிப் பத்தாம் நாள் முழு வெயில். காற்றுப் பலமாக அடிக்கும் நாளில் முதல் வாரம் உள்ளேயே எடுத்துவிடுங்கள்.

பின்வளவில் ஒரே இரவில் இலை காணாமல் போகிறது

நெட்டு மட்டும் நிற்கிறது, இலை இல்லை. கொப்புகளைக் கவனமாகப் பாருங்கள். பறவை எச்சம்போல மண்ணிறமும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சம் அல்ல. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், ஒரு கெட்ட மணமும் வரும். தெற்கு ஒன்ராறியோவில் இருக்கும் பெரிய வால்பட்டாம்பூச்சியின் புழு அது. எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் அதற்குச் சாப்பாடு. ஊரில் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இதே மாதிரிப் புழுவைப் பார்த்திருப்பீர்கள், அதற்குச் சொந்தம்தான் இது.

சின்னச் செடி என்றால் ஒரு புழுவே மொட்டையடித்துவிடும், எடுத்துவிடத்தான் வேண்டும். பெரிய செடி என்றால் நான் ஒரு கொப்பை அதற்கு விட்டுவிடுகிறேன். கனடாவிலேயே பெரிய பட்டாம்பூச்சி அது, கறுப்பில் மஞ்சள் பட்டையோடு பறந்து போவதைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

மண்ணைக் கிண்டிவைத்திருந்தால் அணில். மேல்மண்ணில் கைப்பிடி கூழாங்கல் பரப்பினால் விட்டுவிடும்.

ஒற்றைக் குச்சியாக உயர்கிறது, கிளைக்கவில்லை

ஒரு காரணம் வெளிச்சக் குறைவு, அதை மேலே சொன்னேன். மற்றது நாம் பறிக்கும் விதம். கறிக்குத் தாளிக்க அவசரத்தில் கீழிருந்து இரண்டு இணுக்கு, நடுவில் இரண்டு இணுக்கு என்று பிய்த்துக்கொண்டே போனால் உச்சி மட்டும் மேலே போகும். அதற்குப் பதில் உச்சியிலிருந்தே, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, முழுக் கொப்பாக வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். கை நடுங்கும், தெரியும். ஏப்ரல் கடைசியில், துளிர் தொடங்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தாராளமாக வெட்டலாம். பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், இலைக்குப் போகவேண்டிய பலம் காய்க்குப் போகும்.

விதைக்குத்தான் காய் வேண்டும் என்றால் விடலாம். கறுத்துப் பழுத்ததும் சதையை நீக்கி, கழுவி, உடனே விதைக்கவேண்டும். காய்ந்து ஒரு மாதம் கிடந்த விதை முளைப்பது அரிது, வாங்கிய விதை முளைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் கொட்டையை உண்ணக்கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம். சாடிக்குள் வேரிலிருந்து பக்கக் கன்று வந்தால் அதுவே சுலபம், வசந்தத்தில் வேரோடு பிரித்து நடலாம்.

ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் கன்று வைத்துக் கொண்டுவருவதை மட்டும் செய்யாதீர்கள், அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டியும் வேண்டாம். எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்புகிற சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலை மிகப் பிடித்த செடி. 2005இல் புளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே தோடைத் தோட்டங்கள் எவ்வளவு அழிந்தன என்று பார்த்தால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று விளங்கும். இங்கேயே வளர்த்தவர்களிடம் வாங்குங்கள்.

பனி பட்டுக் கருகிவிட்டது

செப்டம்பர் கடைசியில் ஒரு இரவு மறந்துவிடுவோம். காலையில் பார்த்தால் இலை எல்லாம் வேகவைத்த கீரைபோலத் தொங்கும், மத்தியானத்துக்குள் கறுக்கும். அன்றைக்கே வெட்ட ஓடாதீர்கள். உள்ளே எடுத்து, சூடு நேரே படாத இடத்தில் வைத்து, இரண்டு வாரம் விடுங்கள். எது செத்தது எது தப்பியது என்று தண்டே காட்டும். மேலிருந்து கீழாக நகத்தால் கீறிக்கொண்டு வாருங்கள், பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இலை இல்லாத செடிக்குரிய அதே சிக்கனத் தண்ணீர், உரம் இல்லை.

தண்டு அடிவரை போனாலும் வேர் பிழைத்திருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன் என்னுடைய மூத்த செடி அப்படி நின்றது, மண் மட்டத்துக்கு மேல் பச்சையே இல்லை. கராஜ் பக்கத்துச் சுவரோரம் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்தேன். ஜூன் இரண்டாம் வாரம் சாடியின் ஓரத்தில், பழைய தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, செம்பச்சையாக ஒரு முளை. கசக்கி மணந்து பார்த்துத்தான் அது களை இல்லை என்று நம்பினேன். ஜூன் முடியும்வரை உங்கள் சாடியையும் கொட்டாமல் வைத்திருங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் வராமல், வேரைத் தோண்டிப் பார்த்தால் குழைந்து கிடந்தால் செடி போய்விட்டது. அந்த மண்ணை அடுத்த செடிக்குப் பாவிக்க வேண்டாம், சாடியை நன்றாகக் கழுவி வெயிலில் காயவிட்டுப் புது மண்ணில் தொடங்குங்கள்.